பின்சீட் கணக்கு

சீட் பெல்ட் பற்றித் தமிழில் எழுதப்படுவதில் பெரும்பகுதி அபராதம் பற்றியது. எங்கே நிறுத்திப் பிடிக்கிறார்கள், எவ்வளவு, கையில் கட்டணுமா இ-சலான் வருமா, இதுதான் விஷயம். மீதி இருப்பது ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளில் கொடுக்கும் நோட்டீஸ் வாசகங்கள். "உங்களுக்காக ஒரு குடும்பம் காத்திருக்கிறது" வகை. மோதும் அந்த நொடியில் அந்தப் பட்டி என்ன செய்கிறது, யாருக்குச் செய்கிறது என்கிற கணக்கு மட்டும் எங்கேயும் கிடைப்பதில்லை. இந்தக் குறிப்பு அந்தக் கணக்கைப் பற்றியது. குறிப்பாகப் பின்சீட்டைப் பற்றியது.

என் குற்றச்சாட்டு ஒன்றுதான். முன்சீட் பெல்ட்டை நாம் போலீஸுக்காகப் போடுகிறோம். பின்சீட்டைப் போலீஸ் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் அங்கே பெல்ட் என்று ஒன்று இருப்பதே மறந்து போச்சு. வீட்டில் மறந்தது மட்டுமில்லை, அரசாங்க அறிக்கையிலிருந்து சீட் கவர் தைக்கும் கடை வரைக்கும் எல்லா மட்டத்திலும் மறந்திருக்கிறது.

2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி குஜராத்தின் உத்வாடாவிலிருந்து மும்பைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தில், அவர் வந்த மெர்சிடிஸ் கார் பாலத்தின் தடுப்புச் சுவரில் மோதியது. காரில் நான்கு பேர். முன்சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்த இருவருமே பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. கார் நிறுவனம் கொடுத்த இடைக்கால அறிக்கைப்படி, மோதுவதற்கு ஐந்து நொடி முன்பு வேகம் 100 கி.மீ., பிரேக் பிடித்த பிறகு மோதும்போது 89 கி.மீ.

அந்தச் சாலை நமக்குத் தூரத்து சாலை இல்லை. ஆரணியிலிருந்து ஆற்காடு போய், வாலாஜாபேட்டை பக்கம் ஏறினால் வரும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் எண் 48. பால்கரில் அந்தப் பாலத்தைத் தாண்டிப் போகும் சாலையின் எண்ணும் 48. டெல்லியில் தொடங்கி மும்பை, புனே, பெங்களூரு வழியாக சென்னை வந்து முடியும் ஒரே சாலை.

அந்த வாரம் நிறைய எழுதினார்கள். சாலை அமைச்சர் நிதின் கட்கரி, பின்சீட்டுக்கும் பெல்ட் அலாரம் வரும், போடாவிட்டால் அபராதம் என்று அறிவித்தார். பல பத்திரிகைத் தலைப்புகள் அதை ஏதோ புதுச் சட்டம் மாதிரி போட்டன. புதுசு எதுவும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138(3)-ஐ எடுத்துப் பாருங்கள். ஓட்டுநர், முன்சீட்டில் இருப்பவர், முன்னோக்கிய பின்சீட்டில் இருப்பவர்கள், எல்லோரும் வண்டி ஓடும்போது பெல்ட் அணிந்திருக்க வேண்டும் என்று மிஸ்திரி விபத்துக்குப் பல வருடம் முன்பே எழுதியிருக்கிறது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, 100 ரூபாயாக இருந்த அபராதத்தை 1,000 ஆக்கியபோதும் பின்சீட்டுக்கு விலக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

இதே பேச்சு அதற்கு எட்டு வருடம் முன்பும் நடந்தது. 2014 ஜூன் 3-ம் தேதி டெல்லியில் மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே காரின் பின்சீட்டில் போகும்போது இன்னொரு கார் மோதி இறந்தார். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த ஹர்ஷ் வர்தன், அவரே மருத்துவர், பின்சீட்டில் பெல்ட் போட்டிருந்தால் முண்டே பிழைத்திருப்பார் என்று பேசினார். பிரசாரம் என்றார்கள். பிறகு 2022 வந்தது. பெரிய மனிதர் ஒருவர் பின்சீட்டில் இறந்தால்தான் பின்சீட்டுக்கு ஒரு வாரம் கவனம் கிடைக்கிறது.

2022-ல் கட்கரி சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. நான்கு முதலமைச்சர்களின் கார்களில் முன்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறாராம், பெயர் கேட்காதீர்கள் என்றார். அந்தக் கார்களில் பெல்ட் அலாரம் அடிக்காமல் இருக்க வெறும் கிளிப்பைச் செருகி வைத்திருந்தார்களாம். முதலமைச்சர் கார் என்றால் ஓட்டுவது அரசு ஓட்டுநர், பக்கத்திலேயே போலீஸ். மறு வருடம் மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டு இந்தக் கிளிப்புகளை எடுக்க வைத்தது. எடுக்கப்பட்ட விற்பனைப் பட்டியல்கள் 13,118. சிலர் அதை பாட்டில் ஓப்பனர் என்றும் சிகரெட் லைட்டர் என்றும் பெயர் மாற்றி விற்றிருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை மணியை வாயடைக்கக் காசு கொடுத்துப் பொருள் வாங்குகிற ஊர் இது. சாஃப்ட்வேர்காரனுக்கு இது பழகிய காட்சிதான். எர்ரர் வந்தால் எர்ரரைச் சரி செய்வதில்லை, லாகை அணைத்து விடுவது.

இனி அறிக்கைக்கு வருகிறேன். சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிடும் 'இந்தியாவில் சாலை விபத்துகள் 2022' ஆவணத்தின்படி அந்த வருடம் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாடு முழுக்க சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715. இதில் ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. எல்லாப் பத்திரிகையும் இந்த எண்ணை எடுத்துப் போட்டு, "பெல்ட் போடாததால் 16 ஆயிரம் பேர் பலி" என்று எழுதின.

இந்த அட்டவணையோடு எனக்கு இரண்டு சண்டை. முதலாவது, அது "போடாததால்" இறந்தவர்கள் பட்டியல் இல்லை. "போடாமல்" இறந்தவர்கள் பட்டியல். லாரிக்கு அடியில் முழுதாகப் போய்ச் செருகிய காரில் இருந்தவரும் அதில்தான் வருவார்; பெல்ட் அவருக்கு எதுவும் செய்திருக்காது. பெல்ட் போட்டு இறந்தவர்கள் எத்தனை, போட்டுப் பிழைத்தவர்கள் எத்தனை என்று பக்கத்தில் நிறுத்தாமல் இந்த எண்ணை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பெல்ட்டை எதிர்க்கிறவர்கள் இந்த ஓட்டையில்தான் புகுந்து வருகிறார்கள். கொடுக்கிற கணக்கை ஒழுங்காகக் கொடுத்தால் அந்த வாய்ப்பே இருக்காது.

இரண்டாவது சண்டை பெரியது. பயணிகள் 8,331 பேர். சரி, எந்த சீட்டில்? முன்னாலா, பின்னாலா? பயணி என்ற ஒரே கட்டத்தில் போட்டு மூடியாச்சு. முன்சீட் பயணிக்கு அலாரம் உண்டு (2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் கட்டாயம்), ஏர்பேக் உண்டு, போலீஸ் பார்வை உண்டு. பின்சீட்காரருக்கு இதெல்லாம் பெரும்பாலும் இல்லை. இரண்டு பேரையும் ஒரே எண்ணில் கரைத்துவிட்டால், எந்த சீட்டில் பிரச்சினை என்று கேட்கவே முடியாது. 2022 செப்டம்பரில் பின்சீட் அலாரத்துக்கு வரைவு அறிவிப்பு வந்ததே, அது ஒரு பெரிய சாவினால் வந்தது. அட்டவணையில் இரண்டு கட்டம் கூடுதலாக இருந்திருந்தால் அந்த சாவுக்காகக் காத்திருக்க வேண்டி வந்திருக்காது.

சரி, பெல்ட் உண்மையில் என்ன செய்கிறது? பிளஸ் டூ இயற்பியல் போதும்.

60 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சுவரில் மோதுவது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நான்கு மாடிக்கு மேல். ஆரணி டவுனுக்குள் போகிற 40 கி.மீ. வேகம் கூட 6 மீட்டர், அதாவது இரண்டாவது மாடி. மொட்டை மாடி கைப்பிடிச் சுவரில் உட்காராதே என்று பிள்ளையைத் திட்டுகிற நாம், அதே பிள்ளையை நான்கு மாடி உயரத்தில் எதுவும் கட்டாமல் உட்கார வைத்து ஆற்காடு போய் வருகிறோம்.

கார் மோதும்போது முன்பக்கம் நசுங்கும். அது நசுங்குவதற்கென்றே செய்தது. "இப்ப வர்ற காரெல்லாம் தகரம், அந்தக் கால அம்பாசடர்னா கும்முன்னு இருக்கும்" என்பவர்களுக்கு இது புரிவதில்லை. 60 செ.மீ. நசுங்கி நின்றால், நிற்க எடுக்கும் நேரம் ஒரு நொடியில் நூற்றில் ஏழு பங்கு. பெல்ட் போட்டவர் காரோடு சேர்ந்து அந்த 60 செ.மீ. தூரத்தையும் அனுபவித்து நிற்கிறார். பெல்ட் நூல் கொஞ்சம் இழுபட்டு இன்னும் 20 செ.மீ. கொடுத்தால் மொத்தம் 80. அவர் உடம்பில் வரும் வேக இழப்பு ஏறக்குறைய 18 ஜி, அதாவது அவர் எடையைப் போல 18 மடங்கு விசை. வலிக்கும், எலும்பு முறியலாம், ஆனால் மனித உடம்பு தாங்கும் எல்லைக்குள்தான் இருக்கிறது. 1954-ல் ஜான் பால் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர், ராக்கெட் பூட்டிய தண்டவாள வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு ஆயிரம் கி.மீ. வேகத்திலிருந்து ஒன்றரை நொடிக்குள் நின்று காட்டினார். உச்சத்தில் 46 ஜி. பட்டைகள் இறுகக் கட்டியிருந்ததால் பிழைத்தார்.

பெல்ட் போடாதவருக்கு என்ன ஆகிறது? கார் நூற்றில் ஏழு பங்கு நொடியில் நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் அவர் தன் பழைய வேகத்திலேயே 1.2 மீட்டர் முன்னால் போயிருக்கிறார். காரோ 60 செ.மீ.தான் நகர்ந்தது. ஆக, காருக்குள் அவர் 60 செ.மீ. முன்னால் பறந்து, முன்சீட்டின் முதுகைத் தொடும்போது கார் நின்று முடிந்திருக்கிறது. காரின் விபத்து முடிந்தது, அவருடைய விபத்து அப்போதுதான் தொடங்குகிறது, அதுவும் முழு 60 கி.மீ. வேகத்தில். கம்பெனிக்காரன் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த அந்த நசுங்கும் முன்பக்கத்தில் ஒரு செ.மீ. கூட அவருக்குப் பயன்படவில்லை. முன்சீட் முதுகு 10 செ.மீ. விட்டுக்கொடுத்தால் 140 ஜி. தலை போய்ப் பக்கத்துத் தூணில் மோதி 2 செ.மீ.யில் நின்றால் 700 ஜி. இதில் மருத்துவம் பேச எதுவும் இல்லை.

"முன் சீட்டைப் பிடிச்சுக்குவேன்" என்பார்கள். 60 கிலோ ஆளைக் காரோடு சேர்த்து நிறுத்த வேண்டுமானால் ஒரு டன்னுக்கு மேல் பிடிமானம் வேண்டும். "குழந்தையை நான் மடியில இறுக்கிப் பிடிச்சிருக்கேன்" என்பார்கள். 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 200 கிலோவுக்கு மேல் இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. அன்பு குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை.

எங்க ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விதத்தில் சொல்லிப் பார்க்கிறேன். சீட் பெல்ட் என்பது ஒரு துணி. தறியில் நெய்த துணி. கைக்கு இரண்டங்குல அகலம்கூட இல்லாத ரிப்பனில், முறுக்கேறிய பாலியஸ்டர் பாவு இழைகள் நூற்றுக்கணக்கில் நெருக்கி ஓடுகின்றன. ஊடை குறுக்கே போய் அவற்றைப் பிரியாமல் பிடித்துக் கொள்கிறது. சுமை முழுக்கப் பாவு மேல்தான். சேலையில் ஊடை ஓடி உடம்பும் நிறமும் காட்டும். இங்கே ஊடைக்கு வெறும் கட்டுப்போடும் வேலை. ஐ.நா.வின் 16-ம் எண் வாகன விதிப்படி இந்தப் பட்டி 1,470 டெகாநியூட்டனுக்குக் கீழே அறுந்துவிடக் கூடாது, அதாவது சுமார் ஒன்றரை டன். ஒன்றரை டன் என்பது ஒரு காரின் எடை. அந்த இழுவையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும்போதே அகலம் 46 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்றும் இருக்கிறது. சுருண்டு கயிறு மாதிரி ஆனால் உடம்பை அறுத்துவிடும் இல்லையா, அதற்காக. ஏன் பட்டு இல்லை என்று ஊரில் ஒருவர் விளையாட்டாகக் கேட்டார். பட்டு வலுவான நூல்தான், ஆனால் வெயில் பட்டால் வலு போய்விடும். கண்ணாடிக்குப் பக்கத்தில் பத்து வருடம் வெயில் காய வேண்டிய நூல் இது.

இதில் நெசவாளிக்கு உடனே பிடிபடுகிற ஒன்று உண்டு. ஒரு தடவை அளவு மீறி இழுபட்ட பாவு பழைய நிலைக்கு வராது. பெல்ட்டிலும் அப்படியே. பெரிய மோதலில் ஒரு தடவை ஆளைத் தாங்கிய பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும், பார்க்க நன்றாக இருந்தாலும். பழைய கார் வாங்குகிறவர்கள் என்ஜின் சத்தம் கேட்கிறார்கள், டயர் பார்க்கிறார்கள். பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து நூல் பிசிறியிருக்கிறதா என்று பார்க்கிற ஒருவரையும் நான் கண்டதில்லை.

இப்போது இருக்கிற மூன்று முனைப் பெல்ட்டை 1959-ல் வால்வோவுக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களில் ஆளைத் தூக்கி வெளியே எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். வால்வோ காப்புரிமை வாங்கிவிட்டு மற்றக் கம்பெனிகள் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து விட்டது. 1967-ல் ஸ்வீடனில் நடந்த 28,000 விபத்துகளை அலசி ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அதில் பெல்ட் போடாதவர்கள் எல்லா வேகத்திலும் இறந்திருந்தார்கள். பெல்ட் போட்டவர்களில் மணிக்கு 60 மைலுக்குக் கீழே ஒருவரும் இறக்கவில்லை. நான் மேலே கேட்ட அட்டவணை இதுதான். போட்டவர் ஒரு பக்கம், போடாதவர் ஒரு பக்கம். அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு கார் கம்பெனி செய்த கணக்கை நம் அமைச்சகம் இன்னும் செய்யவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பின்சீட்டைப் பற்றி இருக்கிற ஆய்வுகளில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது ஜப்பானில் செய்த ஒன்று. 2002-ல் லான்செட் இதழில் வந்தது. முன்சீட்டில் பெல்ட் போட்டவர்களின் சாவு அபாயம், பின்னால் பெல்ட் போடாத ஆள் இருந்தால் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகிறது என்று கண்டார்கள். மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. பின்னால் இருந்து 60 கிலோ உருப்படி ஒன்று 60 கி.மீ. வேகத்தில் முன்சீட் முதுகில் வந்து மோதினால், அந்த முதுகுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இருப்பவர் என்ன ஆவார்? "என் உயிர், என் இஷ்டம்" என்கிற வாதம் காரின் பின்சீட்டில் செல்லாது. அங்கே அது முன்னால் இருக்கும் மருமகனின் உயிர், மகளின் உயிர்.

இனி ஆரணிக்கு. முகூர்த்த மாதங்களில் நாலு பக்கமிருந்தும் கார்கள் ஊருக்குள் வரும். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க. முன்சீட்டில் மாப்பிள்ளை வீட்டு மாமாவோ யாரோ ஒருவர் பெல்ட்டோடு. பின்னால் பாட்டி, அம்மா, பெரியம்மா, பெண், மடியில் ஒரு குழந்தை. ஐந்து பெல்ட், ஏழு ஆள். திரும்பும்போது முகூர்த்தப் பட்டுப் பெட்டி மடியில் இறுக்கமாக இருக்கும், பெட்டியை வைத்திருப்பவருக்கு ஒன்றும் இருக்காது. இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நம் வழக்கத்தில் பின்சீட் என்பது மரியாதையான சீட். பெரியவர்களை, கர்ப்பிணியை, குழந்தையை, விருந்தாளியைப் பின்னால் உட்கார வைக்கிறோம். யார் மேல் அக்கறை அதிகமோ அவர்களை ஒன்றும் கட்டாத இடத்தில் வைக்கிறோம். அவர்களிடம் போய் "அத்தை, பெல்ட் போடுங்க" என்றால், "ஏம்ப்பா, அவ்ளோ வேகமாவா ஓட்டப் போற?" என்று வருகிறது. பெல்ட் போடச் சொல்வது ஓட்டுகிறவனின் திறமையை அவனே சந்தேகிப்பது மாதிரி ஆகிவிட்டது.

விதியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 138(3) சொல்வது "முன்னோக்கிய" பின்சீட்டுகளை. பழைய சுமோ, பொலிரோ வகை வண்டிகளில் கடைசியில் எதிரெதிராகப் பக்கவாட்டில் உட்காரும் பலகை சீட் இருக்கிறதே, அங்கே பெல்ட்டும் கிடையாது, விதியும் கிடையாது. கோயிலுக்கும் காரியத்துக்கும் வேன் மாதிரி ஓடுகிற இந்த வண்டிகளில் எப்போதும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பலகை.

பெல்ட்டுக்கு எதிரான வாதங்களில் படித்தவர்கள் சொல்கிற ஒன்று உண்டு. 1975-ல் சாம் பெல்ட்ஸ்மன் என்ற பொருளாதார நிபுணர் எழுதியது: பாதுகாப்பு கூடினால் ஓட்டுநர் அந்தத் தைரியத்தில் வேகமாக ஓட்டுவார், லாபம் நஷ்டத்தில் கழிந்துவிடும். என் அலுவலகத்திலேயே இதை மேற்கோள் காட்டுகிற இரண்டு பேர் உண்டு. பிறகு வந்த பல நாட்டுக் கணக்குகள் இதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் முன்சீட்டில் இருப்பவர்களின் சாவு அபாயம் பெல்ட்டால் 45 முதல் 50 சதவீதம் குறைகிறது என்கிறது. அதை விடுங்கள். வாதத்தை அப்படியே ஒத்துக்கொண்டால்கூட அது பின்சீட்டில் உட்காராது. பின்சீட்டில் இருக்கிற என் அம்மா பெல்ட் போட்ட தைரியத்தில் எதை வேகமாக ஓட்டப் போகிறார்? ஸ்டீயரிங் அவர் கையில் இல்லையே.

இன்னொரு வாதம் நம் மண்ணுக்கே உரியது. சாலையோரக் கிணறு. வட ஆற்காடு பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் ரோட்டை ஒட்டி இருக்கின்றன. கார் உள்ளே விழுந்தால் பெல்ட் மாட்டிக்கொள்ளுமே என்பார்கள். தீப்பிடித்தால் என்றும் சொல்வார்கள். பயம் நியாயமானது. ஆனால் கிணற்றில் விழுகிற கார் முதலில் தண்ணீரையோ பாறையையோ மோதுகிறது. அந்த மோதலில் மயங்காமல் இருப்பவர்தான் கதவைத் திறக்க முடியும், பட்டனை அழுத்த முடியும். மண்டை அடிபட்டு மயங்கியவருக்கு பெல்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே வர வழியில்லை. "தூக்கி எறியப்பட்டதால பொழச்சான்" கதை ஒவ்வொரு ஊரிலும் ஒன்று உண்டு. எறியப்பட்டுப் பிழைக்காதவர்கள் வந்து கதை சொல்ல மாட்டார்கள் இல்லையா. அமெரிக்கக் கணக்கில், உயிர்ப்பலி நடந்த விபத்துகளில் காரை விட்டு முழுதாக வெளியே வீசப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவர்கள் இறந்திருக்கிறார்கள்.

ஆனால் பின்சீட்டில் உட்காரும் பெண்கள் சொல்கிற புகாரை நான் வாதம் என்று ஒதுக்க மாட்டேன். "கழுத்தை அறுக்குது." உண்மைதான். என் அம்மா ஐந்தடிக்கும் குறைவு. பெல்ட் தோளில் நிற்காமல் கழுத்தில் ஏறுகிறது. முன்சீட்டில் பல கார்களில் பெல்ட்டின் மேல் முனையை ஏற்றி இறக்க வசதி கொடுக்கிறார்கள். அதே காரின் பின்சீட்டில் கொடுப்பதில்லை. மோதும் கணத்தில் பெல்ட்டைப் பின்னுக்கு இழுத்து இறுக்கும் அமைப்பும், விசை அளவு மீறினால் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நெஞ்செலும்பைக் காப்பாற்றும் அமைப்பும் பல கார்களில் முன்சீட்டோடு நின்றுவிடுகின்றன. எலும்பு தேய்ந்த எழுபது வயது உடம்புக்குத்தான் அவை அதிகம் தேவை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐ.ஐ.எச்.எஸ். சோதனை மையமே 2022-ல்தான் தன் முன்மோதல் சோதனையில் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு சின்ன உடம்புப் பொம்மையை உட்கார வைத்தது. உலகமே பின்சீட்டைத் தாமதமாகத்தான் பார்க்கிறது.

அதுவரைக்கும் இருப்பதை ஒழுங்காகப் போட ஒன்றிரண்டு விஷயம். இடுப்புப் பட்டி வயிற்றின் மேல் வரக் கூடாது, தொடையும் இடுப்பும் சேர்கிற இடத்தில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். சேலை கட்டியவர்களுக்குக் கொசுவம் திரண்டு பட்டியை மேலே தள்ளும். உட்கார்ந்ததும் கொசுவத்தைத் தட்டிவிட்டு, பட்டியைக் கீழே இறக்கி, பிறகு தோள் பக்கத்தை மேலே ஒரு இழு இழுத்து இறுக்கணும். கர்ப்பிணிக்கு இடுப்புப் பட்டி வயிற்றுக்குக் கீழே, தோள் பட்டி மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்கணும். கழுத்தில் ஏறுகிறது என்பதற்காகத் தோள் பட்டியைக் கைக்கு அடியில் விடுவதுதான் மிக மோசம். விசை முழுக்க விலா எலும்பில் இறங்கும். குள்ளமானவர்களுக்கு நடு சீட்டை விட ஓரம் மேல். பழைய கார்களில் நடுவில் இடுப்புப் பட்டி மட்டும்தான்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லி, ஒரு வழியாக எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு காரில் போய்ப் பார்த்தால் பின்சீட்டில் பக்கிளே இல்லை. கார் வாங்கிய வாரமே ரெக்சின் கவர் போட்டாச்சு, மூன்று பக்கிளும் கவருக்கு அடியில். கம்பெனி கவரில் அதற்கென்று இடம் விட்டிருந்தார்கள், தைத்துப் போட்டவர் அந்த இடத்தை மூடித் தைத்துவிட்டார். அந்தக் கடைக்கே வண்டியை எடுத்துப் போனேன். "பின்னாடி யாரு சார் போடுறாங்க, குத்துதுன்னு எல்லாரும் உள்ள தள்ளிடச் சொல்றாங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மூன்று இடத்திலும் கவரை அறுத்து, ஓரம் பிரியாமல் இருக்கப் பைப்பிங் வைத்துத் தைக்க அரைமணி நேரம் ஆனது. அடுத்து நின்றிருந்த புதுக் காருக்கு அவர் உதவியாள் ஏற்கெனவே கவர் மாட்டத் தொடங்கியிருந்தான். "டேய், அதுல பக்கிளை வெளிய எடுத்து விடு" என்று உள்ளிருந்தே கத்தினார். அந்தக் காரின் சொந்தக்காரர் டீக்கடையில் இருந்தார். கேட்டுப் போடலாம் என்று பையன் நிறுத்தி வைத்தான்.